ஆள் வருது

மிக்ஸி ஓடுகிற சத்தத்தில்தான் கோமதி சாமி கும்பிடுவாள். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். தேங்காயும் பொட்டுக்கடலையும் சட்னியாகி, பிறகு கூழாகி, ஜாடி சூடேறி வாடை வந்தாலும் கை பொத்தானை விடாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, தனக்கும் தன் சாமிக்கும் உள்ளதை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் மிக்ஸி நிற்கும். வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்நேரம் காதில் சத்தம் புகாத செவித்திரையை மாட்டிக்கொள்ள வேண்டும். பெற்றவளின் பிரார்த்தனை பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு. சட்னி கூழானால் என்ன, விழுங்கிவிடலாம்.

அன்று காலையும் மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது. உலகம்மை கூடத்தில் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. அவளுடைய சான்றுப்பாவுக்கு நிகரியின் முடிவு அன்று வர வேண்டும். வந்துவிட்டால் அவள் தனி ஆள். ஓட்டுப் போடலாம், கையெழுத்துப் போடலாம், மேற்கொண்டு படித்துக் கல்லூரியில் கவிதை சொல்லித்தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஞானதுரையைப் பார்க்கலாம். மூன்று மாதமாக அவனை அவள் பார்க்கவில்லை.

மிக்ஸி நின்றது. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னட்டி, வந்துட்டா?”

“இல்லம்மா.”

“வரும், வரும். நீ யாரப் பாத்து எழுதப்போற? எங்க பேச்சு ஒரு சொல்லு ஒன் காதுல விழ விட்டுருப்பமா? நீ பொறந்தப்ப ஒனக்குத் தாலாட்டுகூட நான் பாடலியே.”

இதை அவள் பெருமையாகச் சொன்னாள். அதைத்தான் உலகம்மையால் தாங்க முடியவில்லை.

சான்றுப்பா என்பது பெரிய காவியமெல்லாம் இல்லை. எதை நம்புகிறாய், எப்படி நம்புகிறாய் என்று நாலைந்து வரி. இருபத்தொரு வயதில் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். கடவுள் இல்லை என்கிறவனும் அந்த இல்லாமையைத் தன் சொல்லில் எழுத வேண்டும். நிகரி என்ற இயந்திரம் அதை உலகத்திலுள்ள அத்தனை பேருடைய பாவோடும் வைத்துப் பார்க்கும். சொல்லை மட்டும் பார்க்கிற மட்டி இயந்திரம் இல்லை அது. கருத்து, படிமம், உள்ளே ஓடுகிற ஏக்கம் என்று எல்லாவற்றையும் துருவும். இன்னொருவரோடு பாதிக்கு மேல் ஒத்துப்போனால் ஒட்டு என்று தள்ளிவிடும். ஒட்டு விழுந்தவர் பொதுவர், மறுபடி எழுதிக் கொடுக்கவும் முடியாது. பொதுவருக்குச் சோறு தண்ணீர் எல்லாம் உண்டு, வாய் மட்டும் கிடையாது. வங்கியில், பள்ளியில், திருமணப் பதிவில், எங்கும் அவருக்காக வேறு யாராவதுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

பைத்தியக்காரத்தனம் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். அந்தக் காலத்தில் இருந்து பார்த்தால் தெரியும். இயந்திரங்கள் நாளுக்குக் கோடிக் கோடியாகப் பிரார்த்தனையும் பிரசங்கமும் பாட்டும் எழுதிக் கொட்டின. ஊரே ஒரு வாக்கியத்தைச் சொல்லி அழுதது, அடுத்த வாரம் ஊரே இன்னொரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு அரிவாளைத் தூக்கியது. ஒருவாய்க் கலவரம் என்று அதற்குப் பெயர். உலகம்மையின் பெரியப்பா அதில்தான் செத்தார். அவரை வெட்டினவர்கள் வெட்டும்போது முணுமுணுத்த வாக்கியத்தை அவரும் அன்று காலையில் சொல்லிக் கும்பிட்டிருந்தார். அதனால் அப்பா ஆவுடையப்பனுக்கு, கலவரத்துக்குப் பிறகு சான்றுப்பாவைக் கொண்டுவந்த தனிநம்பிக்கைச் சட்டம் தெய்வத்துக்கு மேல். “நாலு பேரு சேந்து ஒரே மாதிரி சொன்னா அது சாமி இல்லம்மா, கூட்டம்” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாமலா இத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்?

அதனால் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் திறந்தே கிடந்தன, சத்தம்தான் இல்லை. உள்ளே போகிறவர்கள் செவித்திரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு தூணைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார்கள். மதம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். சாதி போயிற்றா என்று கேட்காதீர்கள். அது எந்த இயந்திரத்துக்கும் பயப்படுகிற ஜந்து இல்லை.

கவிதை வகுப்பு இன்னும் வேடிக்கை. பழைய பாட்டுகளை ஒருமுறை படிக்கலாம், மனதில் தங்க விடக்கூடாது. ஒரு வரி பிடித்துவிட்டது என்று தெரிந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். உலகம்மை மூடமாட்டாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் ஒரே நிலாவைப் பார்த்து ஒரே மாதிரி ஏங்கிப் பாடியிருக்கிறார்களே, ஒருவர்கூட இன்னொருவர்மேல் வழக்குப் போடவில்லையே? ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். என் துக்கம் உனக்கும் உண்டு என்று தெரிகிற அந்த நொடிக்காகத்தானே கவிதையே? இதை வகுப்பில் கேட்டபோது பேராசிரியர் செவித்திரையை மாட்டிக்கொண்டார்.

வகுப்பில் கேட்க முடியாததையெல்லாம் அவள் ஞானதுரையிடம் கேட்டாள். அவன் வேதியியல் மாணவன். கவிதை படிக்காதவன், ஆனால் கேட்கிறவன். இருவருக்கும் பழக்கம் எட்டாம் நம்பர் பஸ்ஸில். கூட்டம் அள்ளும். முதலில் ஏறுகிறவர் பக்கத்து இருக்கையில் எதையாவது போட்டு இடம் பிடித்து வைப்பார். அவள் என்றால் பை, அவன் என்றால் கைக்குட்டை. யாராவது உட்கார வந்தால் “ஆள் வருது” என்று சொல்ல வேண்டும். ஆள் வரும்வரை ஊர் முறைப்பையெல்லாம் தாங்க வேண்டும். அவர்களுடைய காதல் முழுக்க அந்த இருக்கையில்தான் வளர்ந்தது.

சான்றுப்பா எழுதுவதற்குமுன் காதலர்கள் விலகல் இருப்பது வழக்கம். மூன்று மாதம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கைபேசியில் ஒரு புள்ளிகூட அனுப்பக்கூடாது. ஒருவர் மனது மற்றவரிடம் கசிந்துவிடாமல் இருப்பதற்காக. பல ஜோடிகள் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ளும், மாட்டியும் கொள்ளும். இவர்கள் இருவரும் இருக்கிறார்களே, சுத்த அசடுகள். விதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்கள். அவன் அதற்கு முந்தின பஸ்ஸுக்கு மாறிக்கொண்டான், அவள் பழைய பஸ்ஸிலேயே போனாள். தெருவில் தூரத்தில் அவன் சட்டை தெரிந்தாலே அவள் சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

அந்தப் பஸ்ஸில், அந்த மூன்று மாதத்தில், தனியாக உட்கார்ந்து அவள் எழுதியது இது:

*பக்கத்து இருக்கையில்
பையை வைத்திருக்கிறேன்.
ஆள் வருது என்று
எல்லோரிடமும் சொல்கிறேன்.
வராத நீ
என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.*

எழுதி முடித்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ஞானதுரைக்காகப் பையை வைத்தாள், வாஸ்தவம். ஆனால் நாள் போகப்போக, வைத்தது அவனுக்கு மட்டும்தானா என்று தெரியாமல் போயிற்று. அவன் வழியாக வேறு யாருக்கோ இடம் பிடிக்கிறோம் என்று தோன்றியது. இந்த உலகத்தில் இப்படி ஒருத்தியும் நம்பியிருக்கமாட்டாள் என்று நினைத்தாள். இருபத்தொரு வயதில் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

கைபேசி அதிர்ந்தது.

‘ஒட்டு ஐயம். ஒப்புமை பாதிக்கு மேல். எதிர்ப்பா இணைக்கப்பட்டுள்ளது. இருவரும் இன்றே மையத்துக்கு வரவும்.’

தன் பாவோடு ஒத்துப்போனது எது என்று பார்க்க எதிர்ப்பாவைத் திறந்தாள்.

*ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு
இடம் பிடித்துவிட்டேன்.
நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள்.
ஆள் வருது என்கிறேன்.
சீக்கிரம் வா,
எனக்கு வெட்கமாக இருக்கிறது.*

கீழே பெயர்: ஞானதுரை இஸ்ரவேல்.

அடப் பாவி! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அவனும் இடம் போட்டிருக்கிறான். இந்தப் பக்கம் அவள் ஒரு பஸ்ஸில் பையை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவன் வேறொரு பஸ்ஸில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, ஊராரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். கசியக்கூடாது என்று பிரித்து வைத்தார்கள். பிரித்து வைத்ததுதான் இருவரையும் ஒன்றாக எழுத வைத்திருக்கிறது. ஒட்டு, சட்டம், அப்பா எல்லாம் ஒரு நிமிடம் மறந்தே போயிற்று. அவள் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மையத்தின் வராந்தா பெஞ்சில் அவன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏய், நீயும் இடம் போட்டியா?”

அவனும் சிரித்தான். “ஒரு பெரியவர் கைக்குட்டையத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டாரு. எறங்கிப் போய் எடுத்துட்டு வாரதுக்குள்ள பஸ் போயிட்டு.”

“என்னைய ஒருத்தி, ‘ஒன் ஆளு சுடுகாட்டுலேருந்தா வாரான்’னு கேட்டா.”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

“உலகு, உள்ள என்ன கேப்பாங்கன்னு தெரியுமா?”

“என்ன கேட்டா என்ன? நடந்தத சொல்லுவோம். ரெண்டு பேரும் விலகல் ஒழுங்கா இருந்தோம்லா? யாரும் யாரையும் பாத்து எழுதல. இதக்கூடப் புரிஞ்சுக்க மாட்டாங்களா?”

உள்ளே கூப்பிட்டார்கள்.

அறையில் இருந்த அதிகாரிக்கு ஷமீமா என்று பெயர். அம்மா வயது இருக்கும். இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் உலகம்மைக்குப் பிற்பாடு வெறுக்கவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

“ரெண்டு பாவையும் படிச்சேம்மா. நல்லா இருக்கு, ரெண்டுமே நல்லா இருக்கு. அதுதான் சிக்கல்” என்றார். “சட்டம் இதுதான். ரெண்டு பேருக்கும் உறவு இருந்து பா ஒத்துப்போனா, ஒண்ணு மூலம், ஒண்ணு ஒட்டு. எது எதுன்னு சொல்ல முடியலேன்னா ரெண்டுமே ஒட்டு. ஒரே நாள்ல குடுத்திருக்கீங்க, அதனால என்னால சொல்ல முடியாது.”

“ரெண்டு பேரும் பொதுவரா?” என்றாள் உலகம்மை.

“உறவு இருந்தா. உறவே இல்லாத ரெண்டு பேருக்கு ஒத்துப்போனா அது தற்செயல். ரெண்டும் செல்லும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஊரு. ஒரே பஸ்ஸு. இடம் போடாத ஆளு யாரு? நான் தற்செயல்னு எழுதிருவேன். நீங்க வாயத் தொறந்து, இவர் எனக்கு யாரும் இல்லேன்னு நிகரிகிட்ட சொன்னாப் போதும். ஆனா சொன்னது சொன்னதுதான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து நின்னா, பேசினா, அது கண்டுபிடிச்சிரும். அன்னைக்கே ரெண்டும் ரத்து.”

“எத்தன நாளைக்கு?”

“நாளெல்லாம் இல்லம்மா. ஆயுசுக்கும்தான்.”

உலகம்மை சிரித்தேவிட்டாள். “மேடம், எங்களுக்குள்ள உறவு இருக்கதாலதான் இந்தக் கவிதையே வந்துது. உறவு இல்லேன்னு சொன்னா இது கவிதையே இல்லியே, பஸ்ஸுல பை வச்ச கதை. ஒரு ஆளு மேல வச்ச நம்பிக்கை வழியாத்தான் எனக்குச் சாமி தெரிஞ்சுது. அத எப்படித் தனியா பிச்சு எடுக்கது?”

“அதெல்லாம் எனக்குப் புரியுது தாயி” என்றார் ஷமீமா. “நிகரிக்குப் புரியணுமே.”

ஞானதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

“எங்கப்பா பொதுவரு, மேடம்.”

உலகம்மைக்கு அது தெரியும். ஆனால் ஏன் என்று அவன் சொன்னதில்லை.

“சட்டம் வந்த புதுசுல, எங்கம்மா செத்த வருசம், அப்பா சான்றுப்பா எழுதினாரு. அம்மா சாகும்போது சொல்லிட்டே இருந்த ரெண்டு வார்த்தைய அதுல வச்சுட்டாரு. வேற எதுவும் மனசுல வரலேன்னாரு. ஒட்டுன்னுட்டாங்க. என்னையப் பள்ளிக்கூடத்துல சேக்க அவர் கையெழுத்து செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து போட்டாரு, அப்பா கேட்டுக்கு வெளிய நின்னாரு. இன்னைக்கும் நின்னுட்டுத்தான் இருக்காரு.”

“துரை...”

“நீ சொல்லுதது எல்லாம் சரி உலகு. ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா நான் அந்தக் கேட்டுக்கு வெளிய நிக்க மாட்டேன். ஒன்னையும் நிக்க விட மாட்டேன்.”

அவன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சிறிய மைக் முன் நின்றான். நிகரியின் குரல் ரொம்ப மரியாதையாகக் கேட்டது: “உலகம்மை ஆவுடையப்பன் உங்களுக்கு யார்?”

“யாரும் இல்ல.”

தயங்கவில்லை. அதைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு நின்றுவிட்டுச் சொல்லியிருந்தால்கூடப் போதும். திரும்பி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகூப்பி ஷமீமாவைக் கும்பிட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

இனி அவள் உண்மையைச் சொன்னால் அவனும் பொதுவன். பொய் சொன்னதற்கு மேலும் ஏதாவது தண்டனை இருக்கும். அவன் வாழ்க்கை இப்போது அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவன் வெளியே போனதே இதற்குத்தானா? அவளும் அதே பொய்யைச் சொல்லிவிடுவாள் என்று அத்தனை நம்பிக்கையா? நம்பிக்கையைப் பற்றி இத்தனை பேசினோமே, கடைசியில் அவன் நம்பியது இதைத்தானா என்று நினைத்தபோது நாக்கு கசந்தது. மைக் முன்னால் போய் நின்றாள்.

“ஞானதுரை இஸ்ரவேல் உங்களுக்கு யார்?”

அவள் சொன்னாள்.

வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

ஆவுடையப்பன் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். தற்செயல் என்ற குறிப்பைப் பற்றி யாராவது கேட்டால், “எவனோ ஒருத்தன், பஸ்ஸப் பத்தி எழுதியிருக்கான், சம்பந்தமே இல்லாத பய” என்று விளக்கினார். உலகம்மை பக்கத்தில் தட்டோடு நின்றாள். கோமதி மட்டும் மகளை ஒரு தினுசாகப் பார்த்தாள். கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் உள்ளே இருப்பதைக் கேட்டுப் பழக்கமில்லை.

சான்று அவள் கைபேசியில் இருந்தது. மேலே அவள் பா. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஒப்புமை உடையவர்: ஞானதுரை இஸ்ரவேல். தற்செயல்.’ அவனுடைய எண்ணை அழித்தாயிற்று, படங்களை அழித்தாயிற்று, அவன் தெருப் பக்கம் போவதையே விட்டாயிற்று. இந்த ஒரு வரியை மட்டும் அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சட்டமே எழுதிக் கொடுத்த உறவு. முதுகலை வகுப்பின் நடுவில், சாப்பாட்டுக்கு உட்காரும்போது, தலை வாரும்போது அதைத் திறந்து பார்ப்பாள். நாசமாய்ப் போகிறவன் என்று திட்டிவிட்டு மூடுவாள். அப்படித் திட்ட முடிந்ததே ஆறுதலாக இருந்தது.

பிரார்த்தனையும் அதோடு நின்றுபோயிற்று. அவளுடைய பாவை அவள் சொல்லிப் பார்த்தாள். ‘வராத நீ’ என்ற இடத்துக்கு வந்ததும் வாய் நின்றுவிடும். யார் அந்த நீ? யாரும் இல்லை என்று அவளே மைக்கில் சொல்லியிருக்கிறாளே. இருந்தாலும் எங்கோ ஒருவன், அந்த ஏக்கத்தையே நம்பிக்கையாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அந்தப் பொடி எழுத்தைத் திறந்து அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். இரண்டு பேர் ஒன்றை நம்பினால் அது கூட்டம் என்பார் அப்பா. அவளுக்கு அந்தக் கூட்டம் போதும்.

ஒரு வருடம் ஓடியது. சான்றுப்பாவை ஆண்டுக்கு ஒருமுறை மையத்தில் நேரில் படித்துப் புதுப்பிக்க வேண்டும். விரும்புகிறவர்கள் அப்போது புதிய பா கொடுக்கலாம். ஆவுடையப்பன் மகளோடு தானும் கிளம்பினார். நீண்ட வரிசை. ஷமீமா அவளை அடையாளம் கண்டு தலையசைத்தார். உலகம்மை பழைய பாவையே படித்தாள். அந்த இடத்தில் குரல் தடுக்கியது, சமாளித்துக்கொண்டாள். திரையில் பொடி எழுத்து வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிகரி தன் மரியாதையான குரலில், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தது:

“உலகம்மை ஆவுடையப்பன். சென்ற ஆண்டு ஒப்புமை கொண்டிருந்தவர் தம் பாவை மாற்றிக்கொண்டுவிட்டார். இப்போது ஒப்புமை எவரோடும் இல்லை. உங்களைப் போல் நம்புகிறவர் உலகில் வேறு ஒருவரும் இல்லை. வாழ்த்துகள்.”

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இப்படி ஒரு முடிவு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும். ஒரு தாய் தன் மகளின் தோளை உலுக்கி, “பாத்தியா, எழுதுனா இப்படி எழுதணும்” என்றாள். ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உலகம்மை நகரவில்லை. மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், இன்னொரு தடவ தேடச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா? நல்ல முடிவுதானே வந்திருக்கு.”

“பாதி வேண்டாம் மேடம். கால்வாசி ஒத்துப்போனாப் போதும். வேற ஊரா இருந்தாலும் சரி, வேற பாஷையா இருந்தாலும் சரி. எங்கயாச்சும் ஒருத்தர் இருப்பாங்க. நல்லாத் தேடச் சொல்லுங்க.”

ஷமீமா அவளை நிமிர்ந்து பார்த்தார். பொத்தானை அழுத்தினார். நிகரி மறுபடி உலகம் முழுவதும் தேடிவிட்டு வந்தது. ஒருவரும் இல்லை என்று, மறுபடியும் அதே மரியாதையோடு சொன்னது. வரிசையில் நின்றவர்கள் அவள் பெருமைக்காகத்தான் இரண்டாம் முறை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.